மித்ராஸ் வழிபாடும் சுடுமண் புடைப்புச் சிற்பங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோமப் பேரரசில் பரவியிருந்த மித்ராஸ் வழிபாட்டைப் பற்றி எங்கே படித்தாலும் கண்முன் வருவது பளிங்கில் செதுக்கிய காளைவதைக் காட்சிதான். கோயிலின் நடுநாயகமாக அது இருந்ததால் அந்தக் கவனம் நியாயமானதே. ஆனால் அந்தக் கோயிலுக்குள் கூடியவர்கள் என்ன செய்தார்கள், எதை உண்டார்கள், புதிதாக வந்தவரை எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள் என்று கேட்டால் பளிங்கில் விடை குறைவு. களிமண் பாத்திரங்களிலும் அவற்றின்மேல் புடைப்பாக எழுந்து நிற்கும் சிறு உருவங்களிலும்தான் அதற்கான விடை அதிகம் கிடைக்கிறது. கலை வரலாற்று நூல்கள் அவற்றுக்குப் போதிய இடம் தரவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளை வைத்தே அவற்றை இங்கே அறிமுகப்படுத்துகிறேன்.

மித்ராஸ் வழிபாடு என்பது என்ன?

கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோமப் பேரரசில் தலைகாட்டி, இரண்டாம், மூன்றாம் நூற்றாண்டுகளில் செழித்து, நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஓய்ந்துபோன மறைவழிபாடு இது. தீட்சை பெற்றவர்கள் மட்டுமே உள்ளே போகலாம். படைவீரர்கள், சுங்க அலுவலர்கள், அடிமைகள், விடுதலை பெற்ற அடிமைகள், சிறு வணிகர்கள் எனப் பலதரப்பட்ட ஆண்கள் இதில் இருந்தார்கள். கல்வெட்டுகளில் உறுப்பினராகப் பெண்கள் தென்படுவதில்லை.

இவர்களின் கோயிலை இன்று ஆய்வாளர்கள் மித்ரேயம் என்கிறார்கள். நிலத்தடி அறையாகவோ, குகைபோல வளைவுக் கூரை இட்ட நீண்ட அறையாகவோ இருக்கும். நடுவே நடைபாதை, இருபுறமும் சாய்ந்து படுத்து உண்ணும் திண்ணைகள், கடைசிச் சுவரில் மித்ராஸ் காளையைக் கொல்லும் காட்சி. பெரும்பாலான கோயில்களில் இருபது முப்பது பேருக்குமேல் உட்கார முடியாது. கூட்டம் பெருகினால் பெரிய கோயில் கட்டவில்லை. இன்னொரு சிறிய கோயில் கட்டினார்கள். ஒஸ்தியா துறைமுக நகர் ஒன்றில் மட்டும் பதினைந்துக்கும் மேற்பட்ட மித்ரேயங்கள் வெளிப்பட்டிருக்கின்றன.

உறுப்பினர்களுக்கு ஏழு படிநிலைகள் இருந்தன: காக்கை, மணமகன், படைவீரன், சிங்கம், பாரசீகன், சூரியனின் ஓட்டக்காரன், தந்தை. ஒஸ்தியாவில் ஃபெலிசிசிமுஸ் மித்ரேயத்தின் தரையில் இந்த ஏழு நிலைகளின் சின்னங்களும் கறுப்பு வெள்ளைச் சில்லுகளால் வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன.

காளைவதைக் காட்சியை எப்படி அடையாளம் காண்பது?

முனை முன்னே மடிந்த தொப்பியும் பறக்கும் மேலாடையும் அணிந்த இளைஞன், இடது முழங்காலைக் காளையின் முதுகில் ஊன்றி, இடக்கையால் அதன் மூக்கைப் பிடித்துத் தலையைப் பின்னே இழுத்து, வலக்கையால் தோளில் வாளைப் பாய்ச்சுகிறான். அவன் முகம் காளையைப் பார்ப்பதில்லை. பெரும்பாலும் பின்புறம், மேல்மூலையில் இருக்கும் சூரியன் பக்கம் திரும்பியிருக்கும். வழியும் இரத்தத்தை நோக்கி நாயும் பாம்பும் தாவுகின்றன. தேள் காளையின் விதைப்பையைக் கவ்வுகிறது. வால் நுனி கோதுமைக் கதிராக மாறியிருக்கிறது. ஒரு காக்கை அருகில் அமர்ந்திருக்கும். இருபுறமும் தீப்பந்தம் ஏந்திய இருவர்: பந்தத்தை உயர்த்திப் பிடிப்பவர் காவுதேஸ், தாழ்த்திப் பிடிப்பவர் காவுதோபாதேஸ். ரைன், டான்யூப் ஆற்றுப் பகுதிச் சிற்பங்களில் இவற்றோடு ஒரு சிங்கமும் வாய் அகன்ற கலமும் சேர்ந்துகொள்ளும்.

இந்தப் பட்டியலை நினைவில் வைத்துக்கொண்டால், சுடுமண் துண்டில் ஒரு தேளோ பாம்போ மட்டும் தெரிந்தாலும் அது எங்கிருந்து வந்திருக்கலாம் என்று யோசிக்க முடியும். ஆனால் யோசிக்கத்தான் முடியும், அறுதியிட முடியாது. அதற்கான காரணம் பாம்புக் கலங்கள் பற்றிய பதிலில் வரும்.

சுடுமண்ணில் புடைப்புச் சிற்பம் எப்படிச் செய்தார்கள்?

இரண்டு வழிகள் முக்கியமானவை. முதலாவது அச்சு. சலித்துப் பிசைந்த களிமண்ணில் மணலோ பொடித்த பழைய ஓடோ கலந்து, குழிவாக வெட்டிய அச்சுக்குள் விரலால் அழுத்துவார்கள். இப்படிச் செய்த பலகைகளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் அழுத்திய விரல்களின் தடம் இன்றும் தெரியும். முன்பக்கம் அச்சு செய்தவருடையது. பின்பக்கம் அன்றைக்கு வேலை பார்த்த தொழிலாளியுடையது. களிமண் காயும்போது சுருங்கி அச்சிலிருந்து தானே விடுபடும். அதன்பின் நுண்ணிய கோடுகளைக் கூரிய கருவியால் திருத்தி, சூளையில் ஏறத்தாழ 800 முதல் 1000 டிகிரி வெப்பத்தில் சுடுவார்கள். பிறகு வெண்பூச்சு, அதன்மேல் வண்ணம்.

காய்ந்தும் சுட்டும் முடிவதற்குள் களிமண் தோராயமாகப் பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். ஆகவே செய்து முடித்த பலகையிலிருந்தே இன்னொரு அச்சு எடுத்தால், அதில் பிறக்கும் பலகை கொஞ்சம் சிறியதாக, கோடுகள் மழுங்கியதாக இருக்கும். இந்த அளவு வேறுபாட்டை வைத்து எது மூலம், எது நகலின் நகல் என்று ஆய்வாளர்கள் வரிசைப்படுத்துகிறார்கள்.

இரண்டாவது வழி ஒட்டுவேலை. சக்கரத்தில் வனைந்த பாத்திரம் ஈரமாக இருக்கும்போதே, தனியே செய்த பாம்பையோ மனித உருவையோ அதன் வெளிச்சுவரில் களிமண் குழம்பால் ஒட்டுவது. குழம்பையே பிழிந்து உருவம் வரைவதும் உண்டு. மித்ராஸ் கோயில்களில் கிடைத்த மிகச் சிறந்த சுடுமண் வேலைகள் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

பளிங்கைவிடக் களிமண் மலிவாயிற்றே, அப்படியானால் சுடுமண் காளைவதைக் காட்சிகள் ஏராளமாகக் கிடைத்திருக்க வேண்டுமே?

அப்படி இல்லை. பேரரசு முழுவதும் கிடைத்த காளைவதைக் காட்சிகள் ஏறத்தாழ 700. அவற்றில் மிகப் பெரும்பான்மை கல்லில் செதுக்கியவை. சுவரோவியங்கள் சில உண்டு. கபுவா நகரில் 1922-இல் வெளிப்பட்ட மித்ரேயத்தின் ஓவியம் அவற்றில் பேர்பெற்றது. சாந்துச் சிற்பங்களும் வெண்கலமும் சில. சுடுமண் மிகக் குறைவு.

காரணம் எளிது என்றே எனக்குத் தோன்றுகிறது. கோயிலின் மையப் படிமம் யாரோ ஒருவர் தம் பெயர் விளங்கச் செய்து கொடுத்த காணிக்கை. அதில் தம் பெயரையும் நேர்த்திக்கடனையும் பொறிக்க வேண்டும். அதற்குக் கல்தான் பொருத்தம். வசதி குறைந்தவர்கள்கூட உள்ளூர் மணற்கல்லையோ சுண்ணாம்புக் கல்லையோதான் நாடினார்கள். களிமண்ணுக்குக் கிடைத்த இடம் வேறு: விருந்து மேசை, விளக்கு, தூபக்கால், சடங்குக் கலம்.

கிரிமியாவின் கெர்ச் நகரில் கிடைத்த சுடுமண் பலகைகள்தான் மித்ராஸின் மிகப் பழைய உருவங்கள் என்கிறார்களே?

கருங்கடலோரத்தில், பழைய பாந்திகாபேயம் நகரில் (இன்றைய கெர்ச்) காளையைக் கொல்லும் இளைஞனைக் காட்டும் சுடுமண் பலகைகள் சில கிடைத்தன. கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதிக்கும் இடைப்பட்டவை என்று காலம் கணிக்கிறார்கள். ரோமில் காலம் தெரிந்த மிகப் பழைய காளைவதைச் சிற்பம் கி.பி. 100-ஐ ஒட்டியது, திராயன் பேரரசரின் மெய்க்காவல் படைத்தலைவர் லிவியானுஸின் அடிமையான அல்கிமுஸ் என்பவர் கொடுத்த காணிக்கை அது, இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைவிடக் கெர்ச் பலகைகள் ஓரிரு தலைமுறையாவது மூத்தவை.

சிக்கல் என்னவென்றால், அந்த இளைஞனின் உடை. முன்பக்கம் திறந்து பிறப்புறுப்பு தெரியும் காற்சட்டை அணிந்திருக்கிறான். இது மித்ராஸின் கோலம் அல்ல; சிபெலே தாய்த்தெய்வத்தோடு சேர்த்து வணங்கப்பட்ட ஆத்திஸின் கோலம். அதனால் இவன் மித்ராஸா, ஆத்திஸா, இரண்டும் கலந்த உள்ளூர்த் தெய்வமா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. கெர்ச் பலகைகளை ரோம மித்ராஸ் வழிபாட்டின் நேரடித் தொடக்கமாகக் காட்டும் கட்டுரைகளை நான் ஏற்பதில்லை. காளைமேல் முழங்கால் ஊன்றும் அமைப்பு அந்தக் காலத்தில் பல தெய்வங்களுக்குப் பொதுவாகக் கையாளப்பட்டது என்பதற்கு அவை நல்ல சான்று; அதற்குமேல் அவற்றின் தலையில் சுமத்தக் கூடாது.

காம்பானா பலகைகள் எனப்படும் ரோமச் சுடுமண் பலகைகளிலும் காளைவதை இருக்கிறது. அது மித்ராஸ்தானா?

அது வெற்றித் தெய்வம் நைக்கி, லத்தீனில் விக்டோரியா. சிறகு இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் ஐயமே வேண்டாம்.

காம்பானா பலகைகள் கி.மு. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இரண்டு நூற்றாண்டுக் காலம் நடு இத்தாலியில் கட்டடங்களின் கூரை விளிம்பிலும் சுவரிலும் பதித்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவற்றைச் சேகரித்த ஜாம்பியெத்ரோ காம்பானாவின் பெயரால் வழங்குகின்றன. அவருடைய சேகரிப்பின் பெரும்பகுதியை மூன்றாம் நெப்போலியன் 1861-இல் வாங்கியதால் அவை இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அவற்றில் அடிக்கடி வரும் காட்சிகளில் ஒன்று, நைக்கி காளையின் முதுகில் முழங்கால் ஊன்றி, ஒரு கையால் தலையைப் பின்னுக்கு இழுத்து, மறுகையில் கத்தி ஓங்குவது. இதன் வேர் ஏதென்ஸ் அக்ரோபோலிஸில் உள்ள நைக்கி கோயிலின் கைப்பிடிச்சுவர்ச் சிற்பங்கள் வரை, அதாவது கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதி வரை போகிறது. மித்ராஸுக்குப் படிமம் அமைத்த சிற்பி, ரோமில் ஏற்கெனவே எல்லார் கண்ணுக்கும் பழகியிருந்த இந்த அமைப்பை எடுத்து, சிறகை நீக்கித் தொப்பியும் காற்சட்டையும் அணிவித்து, நாயையும் பாம்பையும் தேளையும் சேர்த்திருக்கிறார். வீட்டுச் சுவரில் இருந்த அலங்காரச் சுடுமண் ஒரு புதிய மதத்தின் மையப் படிமத்துக்கு வழிவிட்டது என்பது கலை வரலாற்றில் சிறிய செய்தியல்ல.

மித்ராஸ் சுடுமண் கலையில் ஒரே ஒரு பொருளைப் பார்க்கச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

மைன்ஸ் சடங்குக் கலத்தை. தயங்காமல்.

ஜெர்மனியின் மைன்ஸ் நகரில், பால்பிளாட்ஸ் என்ற இடத்தில் 1976-இல் கட்டடம் எழுப்ப மண்ணைத் தோண்டியபோது ஒரு மித்ரேயம் வெளிப்பட்டது. முறையான அகழாய்வு நடக்காமலே அந்தக் கோயில் அழிந்தது. மீட்ட பொருள்களில் சில ஓடுகளும் இருந்தன. அவற்றைச் சேர்த்து ஒட்டியபோது பாம்புக் கைப்பிடிகள் கொண்ட பெரிய கலம் ஒன்று உருவாகியது. கி.பி. 120-க்கும் 140-க்கும் இடைப்பட்டது. ஹைன்ஸ் குந்தர் ஹோர்ன் 1994-இல் அதை விரிவாக வெளியிட்ட பிறகுதான் அதன் அருமை உலகுக்குத் தெரிந்தது.

கலத்தின் வெளிச்சுவரில் ஏழு மனித உருவங்கள் புடைப்பாக நிற்கின்றன. ஒருபுறம் மூவர், மறுபுறம் நால்வர்.

மூவர் காட்சியில், மித்ராஸின் தொப்பி அணிந்த ஒருவர் இருக்கையில் அமர்ந்து வில்லை நாணேற்றிக் குறிபார்க்கிறார். அம்பு நோக்கும் திசையில் ஆடையில்லாத ஒருவன். மற்ற இருவரையும்விடச் சிறிய உருவம். அவனுக்குப் பின்னால் மூன்றாமவர், தீட்சைக்கு அழைத்து வந்தவர். அமர்ந்திருப்பவர் ஏழாம் நிலையை எட்டிய ‘தந்தை’ என்பது தெளிவு. மித்ராஸ் பாறையை நோக்கி அம்பெய்து நீரூற்றை வரவழைத்த கதை கற்சிற்பங்களில் பல இடங்களில் உண்டு. இங்கே தந்தை மித்ராஸின் இடத்தில் அமர்ந்து அதே வில்லை ஏந்துகிறார். எதிரே பாறை இல்லை, நடுங்கும் புது உறுப்பினன் இருக்கிறான். உருவத்தைச் சிறிதாக்கியே அவன் அச்சத்தைச் சொல்லிவிட்டார் அந்தக் குயவர். மூன்றே உருவங்களில் இத்தனை இறுக்கத்தைக் கொண்டுவந்த வேறு ரோமப் பாத்திரம் எனக்கு நினைவில்லை.

நால்வர் காட்சி ஓர் ஊர்வலம். கவசம் அணிந்தவர் ஒருவர், படைவீரன் நிலையில் உள்ளவர். கதிர்முடியும் சாட்டையும் கொண்டவர், சூரியனின் ஓட்டக்காரன். அவருக்கு முன்னும் பின்னும் கோல் ஏந்திய இருவர். ஒருவர் கோல் உயர்ந்திருக்கிறது, மற்றவர் கோல் தாழ்ந்திருக்கிறது. தீப்பந்தக்காரர்களான காவுதேஸ், காவுதோபாதேஸ் இருவரையும் இவர்கள் நடித்துக் காட்டுகிறார்கள் என்பது பார்த்தவுடன் புரிகிறது. தெய்வங்களைக் காட்டும் சிற்பங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. தெய்வங்களாக வேடமிட்டுச் சடங்கு செய்யும் மனிதர்களைக் காட்டுவது இந்தக் கலத்தின் தனிச்சிறப்பு.

இந்த விளக்கங்கள் உறுதியானவையா?

காட்சிகள் தீட்சையையும் ஊர்வலத்தையும் குறிக்கின்றன என்பதில் பெரிய சச்சரவு இல்லை. அதற்குமேல் விளக்கங்கள் கிளைவிடுகின்றன. கனடா ஆய்வாளர் ரோஜர் பெக் 2000-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், ஊர்வலம் வானில் சூரியன் செல்லும் ஆண்டுப் பாதையை நடந்து காட்டுவது என்று வாதிட்டார். உயர்ந்த கோலும் தாழ்ந்த கோலும் சூரியனின் ஏற்ற இறக்கம் என்பது அவர் கருத்து. அவருடைய வாதம் எனக்குப் பிடித்தமானது. இருந்தாலும் வானியல் பகுதி ஓர் ஊகம் என்றே வாசகர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். அம்பெய்யும் சடங்கு நடந்தது என்பதற்குத்தான் களிமண் சாட்சி.

கபுவா மித்ரேயத்தின் திண்ணைகளில் உள்ள ஓவியங்களில் கண்கட்டிய, ஆடையற்ற ஒருவன் முன்னும் பின்னும் ஆட்கள் நிற்க மண்டியிடுகிறான். இத்தாலியில் வண்ணமாகத் தெரிந்ததும் ரைன் கரையில் களிமண்ணில் தெரிந்ததும் ஒத்துப்போவது மைன்ஸ் கலத்தின் நம்பகத்தை உயர்த்துகிறது.

பாம்பு சுற்றிய பாத்திரங்கள் எல்லாமே மித்ராஸ் வழிபாட்டைச் சேர்ந்தவையா?

இல்லை. கைப்பிடிவழியே பாம்பு ஏறி வாய்விளிம்பில் தலை வைத்திருக்கும் கலங்கள் ரைன் பகுதியில் நிறையக் கிடைக்கின்றன. அவற்றில் பல வேறு தெய்வங்களுக்கும் வீட்டு வழிபாட்டுக்கும் உரியவை. கிடைத்த இடம் மித்ரேயமாக இருந்தாலோ, பாம்போடு வேறு சின்னங்கள் சேர்ந்திருந்தாலோதான் மித்ராஸோடு இணைக்கலாம். ஜெர்மனியில் ஃப்ரீட்பெர்க் நகர மித்ரேயத்தில் கிடைத்த கலத்தில் பாம்போடு தேளும் ஏணியும் ஒட்டப்பட்டுள்ளன. மித்ராஸ் அன்பர்கள் ஏழு வாயில்கள் கொண்ட ஏணியைப் பற்றிப் பேசுவார்கள் என்றும், ஒவ்வொரு வாயிலும் ஓர் உலோகம், ஒரு கோள் என்றும் கெல்சுஸ் என்ற தத்துவவாதி எழுதியதை கிறித்தவ அறிஞர் ஒரிகேன் மேற்கோள் காட்டுகிறார். ஃப்ரீட்பெர்க் ஏணியை அதோடு சேர்த்துப் படிப்பது பொருத்தமாகவே இருக்கிறது.

கலத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதற்கும் பழைய எழுத்தில் விடை உண்டு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த தத்துவவாதி போர்ஃபிரி, மித்ராஸ் வழிபாட்டில் வாய் அகன்ற கலம் நீரூற்றின் இடத்தில் வைக்கப்படுகிறது என்று எழுதுகிறார். பாறையிலிருந்து மித்ராஸ் வரவழைத்த ஊற்று, கோயிலுக்குள் களிமண் கலமாக நிற்கிறது. மைன்ஸ் கலத்தின்மேல் வில்லேந்திய தந்தை ஏன் இடம்பெற்றார் என்பதும் இதைப் படித்தபின் விளங்கும்.

விருந்துக் காட்சி சுடுமண்ணில் உண்டா?

உண்டு. ட்ரியர் நகரில் கிடைத்த சிவப்புப் பளபளப்புக் கிண்ணம் ஒன்றில் மித்ராஸும் சூரியனும் மேசைக்குப் பின்னே சாய்ந்து உண்கிறார்கள். சுற்றிலும் பணியாளர்களும் விலங்குகளும். காளையைக் கொன்றபின் இருவரும் சேர்ந்து உண்ட விருந்து இது. கோயிலில் அன்பர்கள் திண்ணையில் சாய்ந்து உண்டது இந்த விருந்தைப் பின்பற்றியே. ட்ரியர் மூன்றாம் நூற்றாண்டில் டெர்ரா சிகில்லாட்டா எனப்படும் இந்தச் சிவப்புப் பாண்டத் தொழிலில் பேர்பெற்ற ஊர். ஆகவே உள்ளூர்த் தொழில்திறம் உள்ளூர் வழிபாட்டுக்கு உதவியிருக்கிறது.

புடைப்புச் சிற்பம் இல்லாத சாதாரணப் பானைகளிலிருந்து ஏதாவது தெரியவருமா?

பெல்ஜியத்தின் தீனென் ஊரில் தெரிய வந்தது போல வேறெங்கும் வந்ததில்லை. 1998-இல் அங்கே ஒரு மித்ரேயத்தின் அருகில் பெரிய குழிகள் அகப்பட்டன. மூன்றாம் நூற்றாண்டின் மூன்றாம் கால்பகுதியில் நடந்த ஒரு விருந்தின் எச்சம் அப்படியே அவற்றில் புதைக்கப்பட்டிருந்தது. குறைந்தது 285 கோழிகள், 14 ஆட்டுக்குட்டிகள், 10 பன்றிக்குட்டிகள். கோழிகளில் சேவல்களே மிகுதி. குட்டிகளின் வயதைக் கொண்டு ஜூன் இறுதியிலோ ஜூலைத் தொடக்கத்திலோ விருந்து நடந்தது என்று மர்லீன் மார்டென்ஸ் குழுவினர் கணித்தார்கள். கோடைக்காலச் சூரியத் திருப்பத்தை ஒட்டிய நாள்கள் அவை. நூற்றுக்கு மேற்பட்டோர் உண்டிருக்க வேண்டும். சிறிய கோயிலுக்குள் அது நடக்காது, வெளியேதான் பந்தி.

அந்த விருந்துக்கென்றே உள்ளூர்க் குயவர்கள் மூடியுள்ள பானைகள், தூபக்கால்கள், தட்டுகள் என ஒரு தொகுதியே செய்து கொடுத்திருக்கிறார்கள். பாம்பு ஒட்டிய கலமும் அவற்றில் இருந்தது. விருந்து முடிந்ததும் பாத்திரங்களையும் எலும்புகளையும் ஒன்றாகக் குழியிலிட்டு மூடிவிட்டார்கள். ரகசியமாகக் கூடும் சிறு குழு என்று நாம் எண்ணியிருந்தவர்கள், ஊருக்குத் தெரியவே இவ்வளவு பெரிய விருந்து வைத்திருக்கிறார்கள். மித்ராஸ் வழிபாட்டின் ‘மறைவு’ பற்றிய பழைய எண்ணத்தை இந்தப் பானைகள் திருத்தியெழுத வைத்தன.

இருட்டு அறையில் இந்தச் சிற்பங்கள் எப்படித் தெரிந்திருக்கும்?

விளக்கொளியில். மித்ரேயங்களில் மண் அகல்விளக்குகள் நிறையக் கிடைக்கின்றன. பிரிட்டனில் ஹேட்ரியன் சுவரை ஒட்டிய காரோபர்க் மித்ரேயத்தின் பலிபீடம் ஒன்றில் மித்ராஸின் தலையைச் சுற்றியுள்ள கதிர்களைக் கல்லில் துளையிட்டிருக்கிறார்கள். பின்னால் விளக்கு வைத்தால் கதிர்கள் ஒளிரும். பக்கவாட்டில் விழும் சிறு வெளிச்சத்தில் புடைப்பு உருவங்களின் நிழல் நீளும், விளிம்புகள் கூர்மையாகும். அருங்காட்சியகத்தின் சீரான மின்விளக்கில் தட்டையாகத் தெரியும் பாத்திரம், அந்தக் குகையில் வேறு விதமாகவே இருந்திருக்கும். வண்ணத்தையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். இன்று வெறும் செம்மண் நிறமாகத் தெரியும் பல பலகைகள் ஒரு காலத்தில் நீலமும் சிவப்பும் மஞ்சளுமாக இருந்தவை.

சாந்துச் சிற்பத்துக்கும் சுடுமண்ணுக்கும் தொடர்பு உண்டா?

ரோம் நகரில், சாந்தா பிரிஸ்கா தேவாலயத்துக்கு அடியில் உள்ள மித்ரேயத்தில் உண்டு. கடைசி மாடத்தில் காளைவதைக்குக் கீழே சாய்ந்து படுத்திருக்கும் பெரிய தெய்வ உருவத்தை உடைந்த ஆம்போரா ஜாடிகளை உள்ளே வைத்து, மேலே சாந்து பூசி உருவாக்கியிருக்கிறார்கள். எண்ணெயும் திராட்சை மதுவும் சுமந்து வந்த ஜாடிகள் தெய்வத்தின் உடலாயின.

மித்ராஸும் வேதத்தில் வரும் மித்திரனும் ஒருவரா?

பெயரின் வேர் ஒன்று. இன்றைய துருக்கியின் போகஸ்கோய் என்ற ஊரில் கிடைத்த, கி.மு. 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மித்தானி அரசின் உடன்படிக்கையில் மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் ஆகியோர் சாட்சித் தெய்வங்களாக வருகிறார்கள். ஈரானிய மித்ராவும் அதே மரபின் உறவினர். ஆனால் ரோம வழிபாட்டின் சடங்கும் படிமமும் அங்கிருந்து அப்படியே வந்தவை என்று சொல்ல முடியாது. பெல்ஜிய அறிஞர் ஃபிரான்ஸ் கூமோன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதைப் பாரசீக மதத்தின் மேற்குக் கிளை என்றே நிறுவினார். 1971-இல் மான்செஸ்டரில் நடந்த மாநாட்டில் அந்தக் கருத்து கடுமையாகக் கேள்விக்குள்ளானது. ஈரானில் மித்ரா காளையைக் கொல்லும் பழைய உருவமோ கதையோ இல்லை என்பதே முக்கியமான எதிர்வாதம்.

ரோமச் சிவப்புப் பாண்டங்கள் அரிக்கமேட்டிலும் கிடைத்தனவே, அவற்றில் மித்ராஸ் இருக்கிறாரா?

இல்லை. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் இத்தாலியின் அரெஸ்ஸோ வகைச் சிவப்புப் பாண்டங்கள் கிடைத்தன. ட்ரியர் கிண்ணம் எந்தத் தொழில்மரபின் பிற்காலக் கிளையோ, அதே மரபின் முற்காலப் பாண்டங்கள் அவை. கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே வந்துவிட்டவை. மித்ராஸ் வழிபாடு ரோமில் பரவுவதற்கு முந்திய காலம்.

கல்லைவிட எளிதில் உடையும் களிமண் எப்படி இத்தனை காலம் தப்பியது?

உடைந்ததால்தான் தப்பியது என்று சொல்லலாம். நான்காம் நூற்றாண்டின் இறுதியில், குறிப்பாகப் பேரரசர் தியோடோசியுஸ் 391, 392 ஆண்டுகளில் பழைய வழிபாடுகளைத் தடைசெய்த பிறகு, மித்ரேயங்கள் மூடப்பட்டன; சில அதற்கு முன்பே சிதைக்கப்பட்டன. பளிங்கும் சுண்ணாம்புக் கல்லும் பிற்காலத்தில் சூளைக்குப் போய்ச் சுண்ணாம்பாயின, அல்லது சுவருக்குக் கல்லாயின. சுட்ட களிமண்ணை மறுபடி உருக்கவோ எரிக்கவோ முடியாது. குப்பையில் கிடந்த ஓடு அங்கேயே கிடந்தது. கோயில் எப்போது தொடங்கி எப்போது ஓய்ந்தது என்பதை இன்று பெரும்பாலும் அந்த ஓடுகளை வைத்தே கணிக்கிறார்கள்.

இணையத்தில் ‘மித்ராஸ் சுடுமண் பலகை, ரோமக் காலம்’ என்று விற்கிறார்கள். நம்பலாமா?

நம்பாதீர்கள். மேலே சொன்னபடி அசல் சுடுமண் காளைவதைப் பலகைகள் மிகவும் அரிதானவை. கல்லில் உள்ள புகழ்பெற்ற ஒரு சிற்பத்தை அப்படியே சிறிதாக்கியது போலத் தெரிந்தால் அது இன்றைய நகலாக இருக்கவே வாய்ப்பு. எந்த ஊரில், எந்த அகழாய்வில் கிடைத்தது, எந்த ஆண்டு முதல் யார் கையில் இருந்தது என்ற விவரம் இல்லாத பொருளை விலை கொடுத்து வாங்கக் கூடாது. அசலாக இருந்துவிட்டால் இன்னும் மோசம். திருட்டு அகழ்வுக்குப் பணம் கொடுத்தவராகிவிடுவோம். எப்போது சுடப்பட்டது என்பதை வெப்ப ஒளிர்வுச் சோதனை தோராயமாகச் சொல்லும். எங்கிருந்து பெயர்த்தெடுத்தது என்பதை எந்தச் சோதனையும் சொல்லாது. மைன்ஸ் கலத்தின் மதிப்பில் பாதி, அது ஒரு மித்ரேயத்தில் கிடைத்தது என்று தெரிந்திருப்பதால் வருவது.

நேரில் பார்க்க எங்கே போகலாம்?

ட்ரியரில் ரைன்லாந்து மாநில அருங்காட்சியகம், தீனென் விருந்துப் பொருள்களுக்கு அந்த ஊர் அருங்காட்சியகம், நைக்கி காளைவதைப் பலகைகளுக்கு லூவ்ரும் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும். பெல்ஜியத்தின் மாரிமோன், பிரான்சின் துலூஸ், ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் ஆகிய மூன்று ஊர் அருங்காட்சியகங்களும் சேர்ந்து 2021 முதல் 2023 வரை மித்ராஸுக்கென்றே ஒரு கண்காட்சியை ஊர் ஊராக நடத்தின. ரோமுக்குப் போகிறவர்கள் சாந்தா பிரிஸ்கா மித்ரேயத்துக்கு முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும். நினைத்த நேரத்தில் திறந்திருக்காது. ஒஸ்தியாவுக்கு ரோமிலிருந்து ரயிலில் போய்வரலாம்; அங்கே மித்ரேயங்களைத் தேடிப் பார்க்க ஒரு முழுநாள் ஒதுக்குங்கள்.